கார்த்திகை மழையில் கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடை: பையை எப்படிக் காப்பாற்றுவது?

புதுப்பாளையம் பெயிண்டர்:

வணக்கம். கடலூர் புதுப்பாளையத்தில் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். வயசு 43. ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எனக்கு வெளிச்சுவர் வேலை கிடையாது. சுவருக்குப் பூசுகிற புட்டி காயாது, சாரத்தில் கால் வைத்தால் வழுக்கும். மார்கழி பாதியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஆக, வருஷத்தில் எனக்கென்று இருப்பது கார்த்திகை மாசம் மட்டும்தான். "மழையில் எதுக்குய்யா நடக்கிறே, தையில் போக வேண்டியதுதானே" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். தையில் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

வீட்டிலிருந்து கிளம்பி சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி. ஏறக்குறைய 140 கி.மீ. வேண்டுதல் எதுவும் இல்லை. நடக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் முன்னால் ஒருமுறை கிளம்பி சிதம்பரத்தோடு திரும்பினேன். நடந்ததைச் சொல்கிறேன். முதுகுப் பைக்கு மேலே போடும் மழை உறை ஒன்று பையோடேயே வந்திருந்தது, அதை நம்பினேன். காரைக்காடு தாண்டி எதிரே ஒரு லாரி போன காற்றில் உறை பலூன் மாதிரி உப்பி, கழன்று, பக்கத்துப் பள்ளத்தில் போய் விழுந்தது. இறங்கி எடுத்துக் கட்டினேன். அப்புறமும் ராத்திரி புதுச்சத்திரத்தில் பையைத் திறந்தால் உள்ளே எல்லாம் ஈரம். மடித்து வைத்த லுங்கியின் மடிப்பு மட்டும் ஒரு கோடாகக் காய்ந்திருந்தது. ரூபாய் நோட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டையாகிவிட்டது. ஒவ்வொன்றாகப் பிரித்து கல்யாண மண்டபத் திண்ணையில் பரப்பி, மேலே செருப்பை வைத்துக் காவல் இருந்தேன். வீட்டில் எடை போட்டபோது 9 கிலோ இருந்த பை, சிதம்பரத்தில் ஒரு மளிகைக் கடைத் தராசில் 12 கிலோவைத் தாண்டியது. மூன்று கிலோ தண்ணீரை 45 கி.மீ. சுமந்திருக்கிறேன்.

அடுத்தது கால். 'தண்ணீர் புகாது' என்று சொல்லி விற்ற ஷூ. முதல் நாள் மத்தியானமே உள்ளே சளக் சளக். இரண்டாம் நாள் உள்ளங்கால் ஊறவைத்த பச்சரிசி மாதிரி வெளுத்து, குதிகால் தோல் ஒரு பக்கம் வழண்டு வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை ஷூவுக்குள் காலை விட்டேன், வெளியே எடுத்தேன், பஸ் ஏறினேன்.

ஊரில் பாதி மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்தவன் நான். என்னுடைய ஒரு பையைக் காப்பாற்ற முடியவில்லை. என் பெண் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

பைக்கு என்ன செய்வது? ஷூவா, செருப்பா? ராத்திரி தங்கக் கூடாரம் வாங்கலாமா? ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடக்கிறவர்களுக்கு வழியெல்லாம் பந்தல், மோர், சாப்பாடு. கார்த்திகையில் ஒரு ஈ காக்கா கிடையாது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


முத்தியால்பேட்டை நடையன்:

அண்ணே, புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்நாடகா பக்கம் நான்கைந்து முறை பை தூக்கி நடந்திருக்கிறேன். அங்கே பத்து நாள் நின்றாலும் பத்து நாளும் பெய்யும்.

முதலில் அந்த மழை உறையைத் தூக்கிப் போடுங்கள். அது பையின் முகத்தைத்தான் மூடும், முதுகை மூடாது. கழுத்தில் விழுகிற தண்ணீர் முதுகுக்கும் பைக்கும் நடுவில் இறங்கிப் பட்டை வழியாக உள்ளே போகும். உறைக்குள்ளேயே அடியில் குட்டை கட்டும். உங்கள் லுங்கி நனைந்தது அந்த வழியில்தான்.

பைக்கு வெளியே காப்பாற்ற முடியாது, உள்ளேதான் காப்பாற்ற வேண்டும். பையின் உயரத்தைவிட ஒன்றரை மடங்கு நீளமுள்ள கெட்டி பிளாஸ்டிக் கவர் ஒன்று போதும். எங்கள் பெரிய மார்க்கெட் பக்கத்துப் பிளாஸ்டிக் கடையில் எடைக்குப் போட்டுத் தருவார்கள். கடலூரிலும் கிடைக்கும். வெறும் பைக்குள் அதை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி, முறுக்கியதை மடக்கிக் கீழே சொருகிவிடுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், ஈரக் கையால் அவிழ்க்க முடியாது. பை நனையட்டும். பை நனைந்தால் அரை கிலோ கூடும். துணி நனைந்தால்தான் மூன்று கிலோ.

ரெயின்கோட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விலை கூடிய கோட்டெல்லாம் உள்ளே இருக்கிற வியர்வை ஆவியை வெளியே விடும் என்பார்கள். வெளியே காற்று காய்ந்திருந்தால் விடும். நம் கார்த்திகைக் காற்றிலேயே தண்ணீர் நிற்கிறது, ஆவி எங்கே போகும்? மழையில் நனைவதற்குப் பதில் வியர்வையில் நனைவோம். மலையில் குளிர் கொல்லும், அதனால் அங்கே கோட் வேண்டும். இங்கே காற்று அடிக்காத நேரம் நல்ல பெரிய குடை போதும். சிரிக்காதீர்கள், மலையிலேயே குடை பிடித்து நடக்கிறேன். காற்று வந்தால் மடக்கிவிட்டு முழங்கால் வரை தொங்குகிற பாஞ்சோ (தலைவழியாகப் போடுகிற மழை அங்கி), பையையும் சேர்த்து மூடுகிற மாதிரி.

இப்போது முக்கியமானது. இரண்டு செட் உடுப்பு. ஒன்று நடக்க, ஒன்று படுக்க. படுக்கிற செட் கவருக்குள் அடியில் இருக்க வேண்டும், கூரைக்குக் கீழே உட்கார்ந்த பிறகுதான் வெளியே வரவேண்டும். காலையில் என்ன ஆனாலும் ஈர உடுப்பையே மறுபடி போட வேண்டும். உடம்பு கூசும், ஒரு ஐந்து நிமிஷம். "இன்றைக்கு மழை விட்டிருக்கிறதே, காய்ந்ததைப் போடலாமே" என்று தோன்றும் பாருங்கள், அங்கேதான் எல்லாரும் மாட்டுகிறோம். பத்து மணிக்குக் கொட்டும், அப்புறம் ராத்திரிக்கும் ஈரம், மறுநாளைக்கும் ஈரம்.

நடக்கிற செட் பாலியெஸ்டரில் இருக்கட்டும். பருத்தி பனியன், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். கீழே சைக்கிள்காரர்கள் போடுகிற ஒட்டின டிரவுசர். தொடை உரசினால் 20 கி.மீ.யில் அழுகை வந்துவிடும். போனை ஜிப் கவரில் போடுங்கள். ஈரமாக இருக்கும்போது சார்ஜர் சொருகாதீர்கள்.

கூடாரம் வேண்டாம் அண்ணே. அந்த வழியில் தண்ணீர் நிற்காத தரையை எங்கே தேடுவீர்கள்?


வில்லியனூர் வாசு:

தையில் போகலாமே.


முத்தியால்பேட்டை நடையன்:

கேள்வியைப் படித்துவிட்டு வாங்க சார்.


நர்சம்மா, குறிஞ்சிப்பாடி:

தம்பி, நான் மலை ஏறினவள் இல்லை. கிராம சுகாதாரச் செவிலியராக 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெருமாள் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் என் சர்வீஸில் பாதி போனது. பஸ் வராத நாளில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில்தான் போக வேண்டும். பெட்டிக்குள் ஐஸ், வெளியே மழை. 2015 நவம்பரில் இந்தப் பக்கம் மூழ்கியபோது இருபது நாள் செருப்பே காயவில்லை. அதனால் காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தோல் ஊறி வெளுப்பது நோய் இல்லை. ஊறின தோலில் உரசல் பட்டால்தான் வழண்டு போகும். அதனால் தண்ணீரைத் தடுக்கப் பார்க்காதீர்கள், ஊறுகிற நேரத்தைக் குறையுங்கள். காலையில் கிளம்பும்போது உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு எல்லாம் வாசலின் கெட்டியாகத் தடவுங்கள். கையில் விளக்கெண்ணெய்தான் இருக்கிறது என்றால் அதுவும் சரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸைப் பிழிந்து, காலைத் துடைத்துப் பத்து நிமிஷம் காற்றாட விடுங்கள். போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள், பார்க்கட்டும். ராத்திரி சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்து, காய்ந்த சாக்ஸ் போட்டுப் படுங்கள். எட்டு மணி நேரம் கால் காய்ந்திருந்தால் மறுநாள் நனைவதைத் தாங்கும்.

ஷூ தண்ணீர் புகாததாக இருக்கக் கூடாது. மேலே வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது, உங்களுக்கு நடந்தது அதுதான். வலைத்துணி வைத்த சாதாரண ஓட்ட ஷூ, அரை சைஸ் பெரியது. செருப்பு வேண்டாம், வாருக்கடியில் மணல் புகுந்து அறுக்கும்.

நடவுக் காலத்தில் சேற்றுப்புண்ணுக்குப் பெண்கள் மருதாணி அரைத்து வைப்பார்கள். நான் தடுத்ததில்லை. ஆனால் விரலிடுக்கில் வெள்ளையாக வெடித்து அரித்தால் அது பூஞ்சை, குளோட்ரிமசோல் களிம்பு போடுங்கள். கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். காலில் வெடிப்பு, கீறல் இருக்கும்போது ஊருக்குள் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண் வழியாகப் போனால் எலிக்காய்ச்சல். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாசத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் 'மழையில் நனைந்தேன், சளிக் காய்ச்சல்' என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்காமல் டாக்டரிடம் போய் 'வெள்ளத் தண்ணீரில் நடந்தேன்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சொல்லாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு? சர்க்கரை இருக்கிறதா? இருந்தால் எனக்குப் பதில் எழுதிவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.


கொள்ளிடக்கரை:

நான் சீர்காழி. மேலே எல்லாரும் தலையில் விழுகிற மழையைப் பற்றியே பேசுகிறீர்கள். உங்கள் பாதையில் தென்பெண்ணை வராது, ஆனால் பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரிக் கிளைகள் எல்லாம் வரும். ஆற்றுக்காரன் பயப்படுவது முந்தாநாள் மேற்கே பெய்த மழைக்குத்தான்.

ஃபெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறியது, புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 செ.மீ. ஆனால் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கியது அதற்கப்புறம்தான், டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்த பிறகு. கடலூரில் வானம் வெளுத்திருக்கும், ஆறு ஏறும். எங்கள் ஊரில் 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. மறுநாள் மாடியிலிருந்து பார்த்தால் வயல் எது, வாய்க்கால் எது, ரோடு எது என்று தெரியவில்லை.

அதனால் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடினால் நில்லுங்கள். கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். அடியில் சிறுபாலம் அரித்துப் போயிருக்கும், மேலே தார் மட்டும் நிற்கும். நான்குவழிச் சாலை வேலைக்காகத் தோண்டின பள்ளம் எங்கே இருக்கிறதென்று தண்ணீருக்குள் தெரியாது. கையில் ஒரு கழி இருக்கட்டும். அறுந்து கிடக்கிற கரண்ட் கம்பியைப் பார்த்தால் பக்கத்திலேயே போகாதீர்கள்.

வலது பக்கமாக, வருகிற வண்டியைப் பார்த்தபடி நடங்கள். ரோடு வேலைக்காரர்கள் போடுகிற பளபளக்கிற கோட் ஒன்று வாங்கிப் பாஞ்சோவுக்கு மேலே மாட்டுங்கள். கார்த்திகையில் மேகம் மூடினால் ஐந்து மணிக்கே இருட்டு. நான்கரைக்கு எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கேயே தங்குங்கள்.

தினமும் காலையில் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு என்று கேளுங்கள். கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம் மூன்றிலும் ஏற்றுவார்கள். 1, 2 என்றால் புயல் எங்கோ தூரத்தில். 3 ஏறினால் துறைமுகத்துக்கே காற்று வரப்போகிறது என்று அர்த்தம். 3 பார்த்தால் பஸ் ஏறுங்கள், ரோஷம் பார்க்காதீர்கள்.


புதுப்பாளையம் பெயிண்டர்:

எல்லாருக்கும் நன்றி. நர்சம்மா, சர்க்கரை இல்லை. ஊசி போட்டது சாரத்திலிருந்து ஆணி குத்தினபோது, ஏழு வருஷம் இருக்கும்.


நர்சம்மா, குறிஞ்சிப்பாடி:

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், போடுவார்கள். அப்புறம் போய் வாருங்கள்.


புதுப்பாளையம் பெயிண்டர் (மூன்று வாரம் கழித்து):

போய்விட்டு வந்தேன். வேளாங்கண்ணி போய்ச் சேரவில்லை. காரைக்கால் வரை, ஐந்து நாள்.

பை ஜெயித்தது. பிளாஸ்டிக் கவர் வாங்கப் போனேன், கடைக்காரர் என்ன கவர் என்று இரண்டு தடவை கேட்டார். நம் தொழிலில் தரையில் விரிக்கிற கெட்டி ஷீட் வீட்டிலேயே இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. வெட்டி, அடியிலும் பக்கத்திலும் அயர்ன்பாக்ஸ் சூட்டில் ஒட்டி நானே ஒரு கவர் செய்தேன். ஐந்து நாளும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. எடையும் 6½ கிலோவாகக் குறைத்துவிட்டேன்.

முதல் நாள் ஆலப்பாக்கம் வரை தூறல்தான். இரண்டாம் நாள் பி.முட்லூரிலிருந்து சிதம்பரம் வரை ஊற்றிய மழையில் குடையின் மேல் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு நிழற்குடையில் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்துப் பையன்கள் நான்கு பேர் வந்து சுற்றி நின்று என் காலையே பார்த்தார்கள். ஒருவன் "தாத்தா, கால் செத்துப்போச்சா" என்றான். தாத்தா என்றதுதான் வலித்தது.

முத்தியால்பேட்டைத் தம்பி சொன்ன அந்த ஈர உடுப்பு விஷயம். சீர்காழியில் நான்காம் நாள் காலை ஐந்தரை மணி. கொடியில் தொங்கின டிரவுசரைத் தொட்டேன், மீன் மாதிரி சில்லென்று இருந்தது. வெளியே நட்சத்திரமே தெரிகிறது. காய்ந்த லுங்கியிலேயே கிளம்பிவிடலாமா என்று பத்து நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்து எனக்கு நானே பேரம் பேசினேன். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஈரத்தையே போட்டேன். எட்டரை மணிக்குப் பிடித்த மழை திருக்கடையூர் வரை விடவில்லை.

திருக்கடையூரில் லாட்ஜ் முழுக்க அறுபதாம் கல்யாணக் கூட்டம். பட்டுப்புடவையும் மாலையுமாக இருக்கிற இடத்தில் நான் சொட்டச் சொட்டப் பச்சைக் கோட்டோடு நிற்கிறேன். கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்து ஒருவர் கழிவறை அடைத்திருப்பதாகப் புகார் சொன்னார். விஷயம் தெரிந்ததும் அதே ஆள் பந்திக்கு இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தார். காய்ந்த லுங்கி, காய்ந்த சட்டை, வாழை இலையில் சுடச்சுடச் சாம்பார். சமையல்காரரிடம் கேட்டு சாக்ஸை அடுப்புக்குப் பின்னால் கொடி கட்டிப் போட்டேன். மறுநாள் சாக்ஸில் பெருங்காய வாசனை.

தரங்கம்பாடியில் கோட்டைக்கு முன்னால் கடல் ரோட்டளவு உயர்ந்து தெரிந்தது. கிட்டே போகவில்லை. காரைக்காலில் லாட்ஜ் மேனேஜர் டி.வி.யைக் காட்டினார், கூண்டு 3. இன்னும் 30 கி.மீ.தான். சீர்காழிக்காரர் சொன்னதை நினைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். ஏறின ஒரு மணி நேரத்தில் வெயில் அடித்தது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை சார், உங்கள் மேல்தான்.


கொள்ளிடக்கரை:

அன்றைக்கு ராத்திரி நாகப்பட்டினத்தில் என்ன காற்று என்று யாரையாவது கேளுங்கள்.


புதுப்பாளையம் பெயிண்டர்:

கேட்டேன். சரி, கோபம் வாபஸ்.

நர்சம்மா, கால் நன்றாக இருக்கிறது. புண் இல்லை, காய்ச்சல் இல்லை, இன்றோடு பதினாறாவது நாள். வலது கால் சுண்டுவிரல் நகம் மட்டும் கறுத்துப்போயிருக்கிறது. விழுமா?


நர்சம்மா, குறிஞ்சிப்பாடி:

விழும். தானாக விழட்டும், பிடுங்காதீர்கள்.